600 மி.மீ. லென்சும் ஆத்தூர் வெயிலும்

ஆத்தூர்ப் பக்கம் நல்ல கேமரா வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் கல்யாணப் படம் எடுப்பவர்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை என்றால் கை சும்மா இராது. ஏரிக்கரைக்குப் போவார்கள், முட்டல் பக்கம் போவார்கள், பொங்கல் பிறந்ததும் கூலமேட்டு ஜல்லிக்கட்டுக்குப் போவார்கள். போய்வந்த இளைஞர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணா, குருவி, மாடு எல்லாம் எடுக்கணும்னா எத்தன எம்.எம். லென்ஸ் வாங்கலாங்க? அறுநூறு இருந்தாப் போதுங்களா?"

நியாயமான கேள்வி. ஆனால் தூரம் ஒன்றுதான் எதிரி, எம்.எம். கூடினால் தூரம் குறைந்துவிடும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. நம் சமவெளியில் படத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் வேறு இரண்டு. ஒன்று, விடிகாலையின் குறைந்த வெளிச்சம். மற்றொன்று, ஒன்பது மணிக்கு மேல் நிலத்திலிருந்து எழும்பும் சூடான காற்று. வெளிச்சம் நன்றாக இருக்கும் நேரத்தில் காற்று கெட்டுப்போகிறது. காற்று தெளிவாக இருக்கும் நேரத்தில் வெளிச்சம் போதவில்லை. இந்தச் சிக்கலுக்கு விடை சொல்லாத லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர் நீளமானாலும் நமக்குப் பயன் குறைவுதான்.

முதலில் தூரக் கணக்கையே பார்ப்போம். குச்சிக்கிழங்குக் காட்டின் மேல் போகும் கரண்ட் கம்பியில் ஒரு பனங்காடை உட்கார்ந்திருக்கிறது. உயரம் ஏறத்தாழ 26 செ.மீ. நீங்கள் நிற்பது 30 மீட்டர் தொலைவில். ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சர் அகலம் 36 மி.மீ. அதில் 600 மி.மீ. லென்ஸ் மாட்டினால் அந்தத் தூரத்தில் 1.8 மீட்டர் அகலமுள்ள காட்சி படத்தில் அடங்கும். 24 மெகாபிக்சல் கேமரா என்றால் அகலத்தில் 6000 பிக்சல். பனங்காடைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 870 பிக்சல். 300 மி.மீ. லென்சில் அது பாதியாகி 430 ஆகும். அதே 300-ஐ வைத்துக்கொண்டு 15 மீட்டருக்கு நெருங்கினால் மறுபடியும் 870.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததே. அடுத்த கணக்கைத்தான் விளம்பரங்கள் சொல்வதில்லை. பறவையின் மேல் பட்டுத் திரும்பும் ஒளியில் எவ்வளவு நம் கேமராவுக்குள் வருகிறது என்பதைத் தீர்மானிப்பது லென்சின் நீளமல்ல, அதன் திறப்பின் அகலம். ஃபோகல் லெங்த்தை எஃப் எண்ணால் வகுத்தால் அந்த அகலம் கிடைக்கும். 600 மி.மீ., எஃப் 6.3 என்றால் 95 மி.மீ. சிக்மா, டாம்ரான் ஆகியவற்றின் 150-600 லென்சுகளில் பெரும்பாலானவற்றுக்கும் சோனியின் 200-600 லென்சுக்கும் முன்னால் திருகும் ஃபில்டர் அளவு 95 மி.மீ.யாக இருப்பது தற்செயலல்ல. 600 மி.மீ., எஃப் 4 என்றால் திறப்பு 150 மி.மீ. பரப்பில் கணக்குப் பார்த்தால் இரண்டரை மடங்கு ஒளி. அந்த இரண்டரை மடங்குக்காக விலை ஏறத்தாழ ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சத்தைத் தாண்டிப் போகிறது. எடை ஏறத்தாழ இரண்டு கிலோவிலிருந்து மூன்று கிலோவுக்குப் போகிறது. சோனியின் 600 எஃப் 4 லென்சின் எடை 3,040 கிராம். எடையைக் குறைக்கப் பல ஆண்டுகள் பாடுபட்ட பிறகு வந்த அளவு அது.

இப்போது தூரத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். பறவையிலிருந்து வரும் ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பரவுகிறது. 30 மீட்டரிலிருந்து 15 மீட்டருக்கு வந்தால், அதே திறப்புக்குள் நான்கு மடங்கு ஒளி நுழையும். 300 மி.மீ., எஃப் 4 லென்சின் திறப்பு 75 மி.மீ.தான். ஆனால் அதை 15 மீட்டரில் வைத்து எடுத்தால் பறவையிலிருந்து அது சேர்க்கும் ஒளியும், படத்தில் பறவையின் அளவும், 30 மீட்டரில் நிற்கும் 600 எஃப் 4 லென்சுக்கு அப்படியே சமம். பத்து லட்ச ரூபாய்க்குக் கிடைப்பது பதினைந்து மீட்டர் நெருங்கினாலும் கிடைக்கிறது. நெருங்குவதைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இந்தக் கணக்கே காரணம்.

நெருங்குவது என்றால் துரத்துவது அல்ல. பனங்காடைக்குச் சாலையில் போகும் வண்டிகள் பழகிப்போனவை. கம்பிக்கு அடியில் டிராக்டர் போனாலும் அசையாது. நடந்து வரும் மனிதனைக் கண்டால் பறந்துவிடும். அதனால் காரின் ஜன்னலே மிகச் சிறந்த மறைவிடம். மெதுவாக வந்து, இன்ஜினை நிறுத்தி, கதவைத் திறக்காமல் எடுக்க வேண்டும். பைக்கில் போகிறவர்கள் வண்டியை ஓரம் கட்டி, அதன் மேலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. பறவை இரை தேடுவதை நிறுத்திக் கழுத்தை நிமிர்த்தினால் அது உங்களைப் பார்த்துவிட்டது. எச்சமிட்டால் அடுத்த கணம் பறக்கப் போகிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆள்காட்டி கத்த ஆரம்பித்தால் அந்த ஏரி முழுவதற்கும் சேதி போய்விட்டது. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பதுதான் வழி. கூட்டுக்கு மட்டும் இந்த நெருக்கம் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. நல்ல படம் கிடைக்கும் என்பதற்காகக் கூட்டை மறைக்கும் கிளைகளை விலக்கி வைக்கிறார்கள். அந்தக் குஞ்சுகளுக்கு அன்று பகல் முழுக்க வெயில், அதன் பிறகு காக்கை.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 6.3 வைத்தால் ஷட்டர் ஸ்பீட் 1/2500 விநாடி வரை தாராளமாகக் கிடைக்கும். பறக்கும் பறவைக்கு அது போதும். ஆனால் சூரியன் அப்போதுதான் எழுந்திருக்கும் நேரத்தில், கரையோரக் கருவேல மரத்தின் நிழலில் மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும் இடத்தில், வெளிச்சம் அதில் 32-ல் ஒரு பங்காகச் சுலபமாகக் குறைந்துவிடும். அதே ஷட்டர் ஸ்பீடை வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஐ.எஸ்.ஓ. 12,800 ஆக வேண்டும். சிறகின் நுண்ணிய வரிகள் எல்லாம் புள்ளிகளாகக் கொரகொரத்துவிடும். எஃப் 4 லென்சில் ஏறத்தாழ 5,000-த்தில் நிற்கும். உட்கார்ந்த பறவைக்கு 1/500 போதும் என்றால் எஃப் 6.3-லேயே 2,500-க்கு இறங்கிவிடலாம். ஆகவே எஃப் 6.3 லென்ஸ் விடிகாலைக்கு உதவாது என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு உதவும், பாயும் பறவைக்கு உதவாது. தண்ணீருக்கு மேல் அந்தரத்தில் சிறகடித்து நின்று, தலைகீழாகப் பாயும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியை விடிகாலையில் எடுக்க நினைப்பவருக்குத்தான் அகலமான திறப்பு உண்மையிலேயே தேவை.

"அப்ப எட்டு மணிக்கு மேல நல்லா வெயில் வந்தப்பறம் போனா ஆச்சுங்களே" என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் காற்று குறுக்கே வருகிறது. இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருப்பவர் இதைப் படித்தால் போதும்.

காற்றுக்கும் ஒளியை வளைக்கும் குணம் உண்டு, மிகச் சிறிய அளவில். காற்றின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.0003. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவு குறைகிறது. ஒன்றுமே இல்லாத மாற்றம் போலத் தெரியும். ஆனால் காய்ந்த செம்மண் காட்டின் மேல் பத்து மணி வெயிலில், தரையை ஒட்டிய காற்று மேலே உள்ள காற்றைவிடப் பல டிகிரி சூடாக இருக்கிறது. அது திட்டுத் திட்டாக மேலெழும்பி, குளிர்ந்த காற்றோடு கலக்கிறது. ஒவ்வொரு திட்டும் ஒரு மோசமான லென்ஸ். பறவைக்கும் நமக்கும் இடையே அப்படி நூற்றுக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கின்றன. தார்ச்சாலையில் கானல் நீராகத் தெரிவதும் இதே விஷயம்தான்.

இது எவ்வளவு பெரிய தொந்தரவு என்பதை அளந்து பார்க்கலாம். ஒரு பாகையை 3600 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு விகலை. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவில் 600 மி.மீ. லென்ஸ் மாட்டினால் ஒரு பிக்சல் பார்க்கும் கோணம் ஏறத்தாழ இரண்டு விகலை. 100 மீட்டர் தொலைவில் அது ஒரு மில்லிமீட்டர். ஜவ்வாது மலையில், காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் இருந்து விண்மீனைப் பார்க்கும்போது, இரவில், மலை மேல், நேர் மேலே பார்த்தாலும், காற்றின் கலக்கத்தால் விண்மீன் ஒன்றிரண்டு விகலை அளவுக்கு விரிந்துதான் தெரியும். அதற்காகத்தான் வானாய்வகங்களை மலை மேல் கட்டுகிறார்கள். நாமோ பகலில், தரைக்கு ஓரடி மேலே, சுட்ட மண்ணுக்குக் குறுக்கே கிடைமட்டமாகப் பார்க்கிறோம். நூறு மீட்டரிலேயே அதைவிடப் பல மடங்கு கலக்கம் நம்மைச் சேர்ந்துவிடும். அந்த நிலையில் 800 மி.மீ. லென்ஸ் செய்வதெல்லாம் கலக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்குவதுதான். எல்லா ஷாட்டும் லேசாக ஃபோகஸ் தவறியது போல இருக்கும். லென்ஸ் சரியில்லை என்று சர்வீஸ் சென்டருக்கு அனுப்புவார்கள். லென்சில் ஒரு குறையும் இருக்காது.

ஆத்தூரைச் சுற்றி இதை நேரில் பார்க்க நல்ல இடம் சேகோ ஆலைகளின் உலர்களம். ஜவ்வரிசியை வெயிலில் பரப்பிக் காய வைக்கும் அகன்ற தரைக்குக் குறுக்கே, அந்தப் பக்கம் சுற்றுச்சுவரில் உட்கார்ந்திருக்கும் கரிச்சானைப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு அதன் இரட்டை வாலின் நுனி தனித்தனியாகத் தெரியும். பதினொரு மணிக்கு அதே இடம், அதே லென்ஸ். வால் நெளியும், கண்ணின் சிவப்பு கருப்போடு கரைந்து போகும். கேமராவை ட்ரைபாடில் வைத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் பறவை தண்ணீருக்குள் இருப்பது போல அலைவது தெரியும். புது லென்ஸ் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் இதை ஒரு முறை செய்து பார்த்துவிட வேண்டும். எந்த நேரத்தில், எத்தனை மீட்டர் வரை தன் லென்ஸ் வேலை செய்யும் என்பது கைக்கு வந்துவிடும்.

கலக்கம் மிகவும் குறைந்திருப்பது, மண்ணும் அதன் மேலுள்ள காற்றும் ஒரே வெப்பநிலைக்கு வரும் சமயத்தில். சூரியன் எழுந்து சிறிது நேரத்தில் ஒரு முறையும், மறைவதற்குச் சற்று முன் ஒரு முறையும் அது நடக்கிறது. மேகம் மூடிய நாளில் அந்தச் சமயம் நீளும். ஐப்பசி மழை பெய்து வெறித்த மறுநாள் காலை, ஈர மண்ணும் கழுவிய காற்றுமாக, ஆண்டில் மிக நல்ல சமயம். வெளிச்சம் குறைந்த வேளையில் எடுக்கச் சொல்வது அழகுக்காக மட்டுமல்ல. காற்று ஒத்துழைக்கும் வேளையும் அதுவே. அந்த வேளைக்கு ஒளியைச் சேர்க்கும் லென்ஸ் வேண்டும். அதனால்தான் எஃப் எண்ணை எம்.எம். எண்ணுக்கு முன்னால் பார்க்கச் சொல்கிறேன்.

இதையொட்டிச் சில நடைமுறைகள் உண்டு. சூட்டின் கலக்கம் தரையை ஒட்டித்தான் அதிகம். ஏரிக்கரையின் மேல் நின்று, பார்வைக்கோடு தண்ணீருக்கு மேலே போகுமாறு எடுத்தால் காய்ந்த நிலத்தைவிடப் படம் தெளிவாக வரும். தரையில் குப்புறப் படுத்து எடுக்கும் பாணி காலையில் பிரமாதம், பத்து மணிக்கு மேல் வீண். காரில் ஏ.சி. போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்து எடுப்பவர்கள் உள்ளே இருக்கும் குளிர்காற்றும் வெளியே இருக்கும் வெப்பமும் லென்சின் முகத்துக்கு முன்னாலேயே கலப்பதை மறந்துவிடுகிறார்கள். ஏ.சி.யை அணைத்து, எல்லா ஜன்னலையும் இறக்கிவிட வேண்டும். வெயிலில் கருத்த லென்ஸ் சூடேறி அதற்குள்ளேயே காற்று கலங்குவதும் உண்டு. கேனான் தன் பெரிய லென்சுகளுக்கு வெள்ளைப் பூச்சுக் கொடுப்பது இந்தச் சூட்டுக்காகத்தான். உள்ளே இருக்கும் ஃப்ளோரைட் படிகம் வெப்பத்தில் விரியும் இயல்புடையது. அந்தப் படிகத்தைச் சாதாரணப் பயனாளர்கள் வாங்கும் கேமரா லென்சில் முதலில் வைத்தது 1969-இல். வெள்ளைக் கொக்கின் விளிம்பில் ஊதாக் கோடு விழாமல் காப்பது அதன் வேலை.

இனி ஜல்லிக்கட்டு. கணக்கு இங்கே தலைகீழ்.

கூலமேட்டில் வாடிவாசலிலிருந்து காளை பாய்ந்து வரும்போது படம் எடுப்பவருக்கும் அதற்கும் இடையே பத்திலிருந்து நாற்பது மீட்டர். 20 மீட்டரில் 600 மி.மீ. லென்ஸ் பிடிப்பது 1.2 மீட்டர் அகலம். கொம்பும் முகமும் மட்டும் வரும், திமிலில் தொங்கும் ஆள் வெளியே போய்விடுவார். ஜல்லிக்கட்டுப் படத்தின் உயிரே அந்த இரண்டும் ஒரே சட்டத்துக்குள் இருப்பதுதான். 200 மி.மீ. லென்ஸ் அதே தூரத்தில் 3.6 மீட்டர் பிடிக்கும். காளை, திமிலைக் கட்டியவர், பிடி தவறிக் கீழே உருள்பவர் எல்லோரும் அடங்குவார்கள். பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் தோளில் 70-200 எஃப் 2.8 தொங்குவதற்குக் காரணம் இதுதான். கல்யாண மண்டபத்தில் வேலை செய்யும் அதே லென்ஸ் அது. ஆத்தூர் ஸ்டூடியோக்களில் ஏற்கெனவே இருக்கும் லென்சை விட்டுவிட்டு 600-ஐச் சுமந்து வருபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

வேகத்தைப் பாருங்கள். காளை விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் குறுக்கே போகிறது என்று வைத்துக்கொள்வோம். 1/1000 விநாடியில் அது 8 மி.மீ. நகர்கிறது. 3.6 மீட்டர் அகலம் 6000 பிக்சலில் அடங்கியிருப்பதால் அந்த நகர்வு 13 பிக்சல். கண்ணும் கொம்பும் இழுபடும். 1/2000-இல் ஆறேழு பிக்சல், அச்சுக்குப் போதும். கொம்பின் வீச்சு உடலைவிட வேகமானது, ஆகவே முடிந்தால் 1/3000-க்கும் போகலாம். வெயில் நிறைந்த தை மாதப் பகலில் எஃப் 2.8 இதற்கெல்லாம் இடம் தரும். நேர் எதிரே வரும் காளைக்கு இழுபடல் பிரச்சினை இல்லை, ஃபோகஸ்தான் பிரச்சினை. 20 மீட்டரில் 200 மி.மீ., எஃப் 2.8-க்குத் தெளிவு நிற்கும் ஆழம் ஏறத்தாழ 1.7 மீட்டர். 400 எஃப் 2.8 லென்சில் அது 40 செ.மீ.க்கு இறங்கிவிடும். விரல் அழுத்தியதும் ஷட்டர் திறக்கும் இடைவெளியிலேயே காளை அந்த ஆழத்தைத் தாண்டி வந்துவிடலாம். இப்போதைய மிரர்லெஸ் கேமராக்கள் விலங்கின் கண்ணைத் தேடிப் பின்தொடரும். ஆனால் மனித முகங்கள் நிறைந்த திடலில் அதை மனிதருக்கு வைத்திருந்தால் ஃபோகஸ் தடுப்புக்குப் பின்னால் நிற்கும் பார்வையாளரின் முகத்துக்குத் தாவிவிடும். விலங்குக்கு மாற்றி, ஃபோகஸ் பரப்பைச் சிறிதாக்கி, வாடிவாசலின் திறப்பிலேயே முன்கூட்டிக் குறிவைத்துக் காத்திருக்க வேண்டும்.

லென்சுக்குள் நடுக்கம் தடுக்கும் அமைப்பு இருக்கிறதே, அது காளையை நிறுத்தாதா என்று கேட்பவர்கள் உண்டு. நிறுத்தாது. 1995-இல் கேனான் 75-300 லென்சில் முதலில் வந்த இந்த ஏற்பாடு நம் கையின் நடுக்கத்தை மட்டும் ஈடுகட்டுகிறது. கம்பியில் உட்கார்ந்த பனங்காடைக்கு அது வரப்பிரசாதம், 600 மி.மீ. லென்சை 1/200 விநாடியில்கூடக் கையில் பிடித்து எடுக்கலாம். ஓடும் உயிருக்கு ஷட்டர் ஸ்பீடைத் தவிர வேறு மருந்து இல்லை.

சிறிய சென்சர் கேமரா வைத்திருப்பவர்கள் தங்கள் 300 மி.மீ. 450 ஆகிவிடுவதாகச் சொல்வார்கள். லென்ஸ் அப்படியேதான் இருக்கிறது. படத்தின் ஓரங்கள் வெட்டப்படுகின்றன, நடுவில் பிக்சல்கள் நெருக்கமாக அமைகின்றன. 30 மீட்டரில், 600 மி.மீ. லென்சில் நாம் பார்த்த 870 பிக்சல் பனங்காடை, 24 மெகாபிக்சல் ஏ.பி.எஸ்.சி. கேமராவில் ஏறத்தாழ 1,300 பிக்சலாகும். காற்று தெளிவாக இருக்கும் காலையில் அது உண்மையான லாபம். டெலி கன்வர்ட்டர் வேறு கதை. 1.4 மடங்குக் கன்வர்ட்டர் ஒளியைப் பாதியாக்கும், 2 மடங்குக் கன்வர்ட்டர் கால் பங்காக்கும். எஃப் 6.3 ஜூமில் அதை மாட்டுவது பாலில் தண்ணீர் ஊற்றுவது போல. அளவு கூடும், உள்ளே இருப்பது கூடாது. எஃப் 2.8, எஃப் 4 லென்ஸ் வைத்திருப்பவர்கள் 1.4-ஐ நம்பி வாங்கலாம்.

நீளமான ஃபோகல் லெங்த்தைக் குட்டையான குழாய்க்குள் அடக்கும் வித்தை 1891-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இங்கிலாந்தில் தாமஸ் டால்மேயரும் ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தேயும் தனித்தனியே அதைக் கண்டடைந்தார்கள். முன்னால் ஒளியைக் குவிக்கும் கண்ணாடித் தொகுதி, பின்னால் அதைச் சற்று விரிக்கும் தொகுதி, 600 மி.மீ. லென்ஸ் அறுபது சென்டிமீட்டருக்கும் குறைவான உடலோடு நம் பையில் அடங்குவதற்கு அதுவே காரணம். இன்னும் எடையைக் குறைக்க, கண்ணாடியின் மேல் மிக நுண்ணிய வளையங்களைச் செதுக்கி ஒளியை வளைக்கும் முறையை 2001-இல் கேனான் 400 எஃப் 4 லென்சில் கொண்டுவந்தது. 2018-இல் வந்த நிக்கானின் 500 எஃப் 5.6 லென்சும் அதே வழி. எடை 1,460 கிராம். அதே நிறுவனத்தின் 200-500 ஜூம் 2,300 கிராம். ஏரிக்கரையில் மூன்று மணி நேரம் கையில் பிடித்தவர்களுக்கு அந்த 840 கிராமின் மதிப்பு தெரியும். கை சோர்ந்தவர் பறவை பறக்கும் அந்தக் கணத்தில் லென்சை இறக்கி வைத்திருப்பார்.

நம் மொழிக்காரர் ஒருவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். பல கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கனத்த கேமராவை உருவாக்கி அதற்கு சூப்பர் பாண்டரோசா என்று பெயர் வைத்திருந்தார். கருப்பு வெள்ளையில் மட்டுமே எடுத்தார். தானாக ஃபோகஸ் செய்யும் வசதி இல்லை, நடுக்கம் தடுக்கும் வசதி இல்லை. காட்டில் நடந்தும், யானை மேல் ஏறியும் விலங்குகளிடம் போனார். அவருடைய யானைப் படங்களில் யானை மட்டும் இருப்பதில்லை. அது ஒடிக்கும் மூங்கிலும், அதன் மேல் விழும் மர நிழலும், பக்கத்தில் நிற்கும் குட்டியும் சேர்ந்து இருக்கின்றன. இன்றைக்குப் பறவைப் படம் என்றால் சட்டம் நிறையப் பறவை, பின்னால் பச்சையாக ஒரு மங்கல் என்று ஆகிவிட்டது. அந்தப் பறவை ஆத்தூரில் இருந்ததா ஆப்பிரிக்காவில் இருந்ததா என்று படம் சொல்லாது. பனங்காடையோடு கரண்ட் கம்பியும் குச்சிக்கிழங்குக் காடும் பின்னால் கல்வராயன் மலைத்தொடரும் வரும் படத்துக்கு 200 மி.மீ. போதும். அந்தப் படம்தான் இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து இந்த ஊரைப் பற்றி எதையாவது சொல்லும் என்று நான் நம்புகிறேன்.

அப்படியானால் என்ன வாங்கலாம்? ஜல்லிக்கட்டும் கல்யாணமும் ஊர்த் திருவிழாவும் எடுப்பவருக்கு 70-200 எஃப் 2.8, அதோடு ஒரு 1.4 கன்வர்ட்டர் சேர்த்தால் 280 எஃப் 4 கையில் வந்துவிடும், மயிலுக்கும் கொக்குக்கும் ஆகும். பறவைக்காகவே வாங்குபவர், செலவைப் பார்க்க வேண்டியவர் என்றால் 150-600, 200-600 வகை ஜூம்களில் ஒன்று. அதை வாங்கியவர் காலை ஆறரையிலிருந்து எட்டரை, மாலை நாலரைக்கு மேல் என்று தன் நேரத்தையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். 300 எஃப் 4 பிரைம் லென்ஸ் பழையதாகக் கிடைத்தால், நெருங்கும் பொறுமை உள்ளவருக்கு அதைவிட நல்ல துணை இல்லை. 800 எஃப் 11 லென்சும் இருக்கிறது, 1,260 கிராம்தான். ஆனால் அதன் திறப்பு 73 மி.மீ., 300 எஃப் 4-ஐவிடச் சற்றுச் சிறியது. நல்ல வெயிலில், நாற்பது மீட்டருக்குள், காற்று அசையாத காலையில் அழகாக வேலை செய்யும். அந்த மூன்றும் ஒன்றுசேரும் நாட்கள் நம் ஊரில் குறைவு. 600 எஃப் 4-ஐ வாங்கும் முன் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம். பெரும்பாலோருக்கு அந்த இரண்டு நாளே போதும்.

கல்வராயன், பச்சமலைக் காப்புக்காடுகளுக்குள் போகிறவர்கள் வனத்துறையின் அனுமதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். நீளமான லென்ஸ் அந்த அனுமதிக்குப் பதிலாகாது.

பழைய லென்ஸ் வாங்குபவர்களுக்கு ஒன்று. செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை போல வெள்ளை இழைகள் படர்ந்திருந்தால் பூஞ்சை. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். தூசு ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. ட்ரைபாட் மாட்டும் காலரைத் தளர்த்தி முழுச் சுற்று சுழற்றுங்கள், கரகரப்பு இருக்கக் கூடாது. ஜூமை முழுதாக நீட்டிக் கீழ்நோக்கிப் பிடித்து, தானாக வழுக்குகிறதா பாருங்கள். பிறகு வெளியே கொண்டுபோய் இருபது மீட்டரில் இருக்கும் ஒரு பெயர்ப்பலகையை முழுத் திறப்பில் பத்து முறை எடுங்கள், ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கிட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டு மறுபடி பிடிக்கவிடுங்கள். பத்தில் எட்டு ஒரே தெளிவில் வந்தால் வாங்கலாம். அந்தச் சோதனையைக் காலை எட்டு மணிக்கு முன்னால் செய்யுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் தோல் பையில் வைத்துப் பூட்டாமல், இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். கார்த்திகை அடைமழையில் அந்த ஜெல்லை வாரம் ஒரு முறை வாணலியில் வறுத்துப் போட வேண்டியிருக்கும்.